ட்ரிப்ஸ் கசிந்த கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கும் மேல் புற்றுநோய் வார்டு. இப்போது சத்துவாச்சாரியில் வீடு. காய்கறி வாங்கப் போனால்கூட யாராவது கையை நீட்டிவிடுவார்கள். "சிஸ்டர், போன மாசம் ட்ரிப்ஸ் போட்ட இடம், இன்னும் கல்லு மாதிரி இருக்கு பாருங்க." குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து போன் வரும். சிகிச்சைக்காக மாதக்கணக்கில் லாட்ஜ்களில் தங்கியிருக்கும் வெளியூர்க்காரர்களும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். கையை நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை வரும் இடத்தில் டாக்டரிடம் போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

ட்ரிப்ஸ் கசிவது என்றால் என்ன? நரம்பு வெடித்துவிட்டதா?

நம் ஊரில் "நரம்பு கிடைக்கல" என்றால் ரத்தக் குழாய் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ட்ரிப்ஸ் ஏற்றுவது சிரை என்கிற ரத்தக் குழாய்க்குள். அதற்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும்; வென்ஃப்ளான் என்பார்கள், கேனுலா என்பார்கள். கையை ஆட்டியதில் அதன் நுனி சிரைச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். சிரை முன்பே நைந்திருக்கலாம். குத்திய ஓட்டை பெரிதாகியிருக்கலாம். எப்படி ஆனாலும் குழாய்க்குள் ஓட வேண்டிய மருந்து சதைக்குள் இறங்கிவிடுகிறது. அதைத்தான் கசிவு என்கிறோம்.

உண்மையான நரம்பு, அதாவது வலியையும் தொடு உணர்ச்சியையும் மூளைக்குக் கொண்டுபோவது, வேறு. அதுவும் இந்தக் கதையில் பின்னால் வருகிறது.

போன வாரம் கசிந்தது, வீக்கம் வற்றிவிட்டது. இனி ஒன்றும் ஆகாது அல்லவா?

என்ன மருந்து கசிந்தது? என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான். வெறும் சலைன், அதாவது உப்புத் தண்ணீர் என்றால் நிம்மதியாக இருங்கள். உடம்பு அதை ஓரிரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும். வேறு மருந்து என்றால் வீக்கம் வற்றியதை வைத்து முடிவுக்கு வர முடியாது. சில மருந்துகள் முதல் வாரம் முழுக்கச் சாதுவாக இருந்துவிட்டு இரண்டாம் வாரம் தோலைக் கருக்கும்.

எந்தெந்த மருந்து ஆபத்தானது?

கீமோ மருந்து, அதாவது புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து மட்டும்தான் கையைச் சுடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சாதாரண வார்டிலும் ஐ.சி.யூ.விலும் தினமும் ஓடும் மருந்துகளில் எத்தனையோ சதையை அரிக்கும்.

கால்சியம் குளுகோனேட், பொட்டாசியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட், 10 சதவீதத்துக்கு மேற்பட்ட குளுக்கோஸ். இவை அடர்த்தியான திரவங்கள். சதையிலிருக்கும் செல்களின் தண்ணீர்க் கணக்கைக் குலைத்துவிடும். இரத்த அழுத்தம் விழுந்தவர்களுக்கு ஓடும் நார்அட்ரினலின், டோபமைன் வேறு விதம். அவை சுற்றியிருக்கும் நுண்குழாய்களை இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்தும். தோல் முதலில் வெளுக்கும், அப்புறம் கருக்கும். வலிப்புக்குப் போடும் ஃபெனிடாயின் கடும் காரத்தன்மை உள்ளது. அது போன கை சில மணி நேரத்தில் ஊதா நிறக் கையுறை மாட்டியது போல ஆவதுண்டு. வாந்திக்கும் அலர்ஜிக்கும் போடும் புரோமெத்தசின், ஆன்டிபயாடிக்கில் வான்கோமைசின், அம்மைக் கிருமிக்கான அசைக்ளோவிர், எல்லாம் இந்த வரிசைதான்.

கீமோவில் டாக்சோரூபிசின், எபிரூபிசின், டானோரூபிசின், மைட்டோமைசின், வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், வினோரெல்பின் ஆகியவை முதல் வரிசை.

சி.டி. ஸ்கேனுக்கு முன்னால் போடும் டையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மெஷின் அதை வேகமாக உள்ளே தள்ளுவதால் கசிந்தால் கை சட்டென்று பந்து மாதிரி வீங்கும். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். கை விறைத்து, விரலை நீட்டிப் பார்த்தால் உயிர் போகிற வலி எடுத்தால் மட்டும் அது வேறு சமாச்சாரம். அதைக் கீழே சொல்கிறேன்.

என்ன மருந்து போனதென்று எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே?

டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதில் விட்டுப்போயிருந்தால் கட்டிலின் காலடியில் தொங்கிய மருந்து சார்ட்டில் மணி உட்பட இருக்கும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை. 3 வருடம் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டியதில்லை. "அடுத்த டாக்டருக்குக் காட்டணும்" என்று சொல்லி வாங்குங்கள்.

இன்னும் வார்டிலேயே இருப்பவர்களுக்கு: பாட்டிலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் கோடு போடச் சொல்லிக் கேளுங்கள். கோட்டைத் தாண்டி வீக்கம் போகிறதா இல்லையா என்பதை விடியற்காலை டூட்டிக்கு வருகிற புது நர்ஸும் கண்டுபிடித்துவிடுவார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த சோகைக்கு இரும்புச் சத்து ட்ரிப்ஸ் போட்டார்கள். அந்த இடம் துருப்பிடித்த மாதிரிக் கறையாக நிற்கிறது. போகுமா?

கர்ப்பிணிகளிடமிருந்து அதிகம் வரும் கேள்வி இது. இரும்பு கசிந்தால் பெரும்பாலும் புண் ஆகாது. ஆனால் இரும்பு தோலுக்கு அடியில் தங்கிவிடும். கறை மாதக்கணக்கில் மங்கலாம், வருடக்கணக்கில் நிற்கலாம், சிலருக்குப் போகாமலேயே இருந்துவிடலாம். எலுமிச்சைச் சாறு, பிளீச் க்ரீம் எதுவும் அந்த ஆழத்துக்கு எட்டாது. மேல் தோல்தான் புண்ணாகும். லேசர் சிகிச்சையில் மங்கியவர்கள் உண்டு. தோல் டாக்டரைக் கேளுங்கள், ஆனால் பிரசவம் முடிந்து சாவகாசமாகக் கேட்டால் போதும். குழந்தைக்கு இந்தக் கறையால் ஒரு கெடுதலும் இல்லை.

இரும்பு ஏறும்போது லேசாக எரிந்தாலும், வீங்கினாலும், உடனே சொல்லிவிடுங்கள். கூச்சப்படாதீர்கள். அதோடு, சிரிப்பு மூட்டும் விஷயம் ஒன்று: வெறும் சோர்வுக்கு "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று தெருமுனைக் கிளினிக்கில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கசிந்த கையோடு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். சாப்பிட வாய் இருக்கும்போது குளுக்கோஸ் பாட்டில் எதற்கு?

சிவந்துகூட இல்லையே, அப்புறம் எப்படிக் காயம் என்கிறீர்கள்?

பாடப் புத்தகங்களில் "சிவப்பு" என்று எழுதியிருப்பது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு தெரியாது. சுற்றுத்தோலைவிடக் கொஞ்சம் கறுத்திருக்கும், மினுமினுப்பாக இழுத்துக்கொண்டிருக்கும், தொட்டால் சுடும் அல்லது சில்லென்றிருக்கும், கட்டியாக இருக்கும். இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணைவிட விரல் சீக்கிரம் சொல்லும்.

கீமோவில் அந்த சிவப்பு மருந்து கசிந்துவிட்டது. டாக்டர் ஏன் இத்தனை பயப்படுகிறார்?

சிவப்பு மருந்து என்று வார்டில் எல்லோரும் சொல்வது டாக்சோரூபிசின் அல்லது அதன் உறவுக்கார மருந்து. (மறுநாள் சிறுநீர் சிவந்து வருவதும் அதனால்தான், அது ரத்தம் இல்லை.) இந்த மருந்து செல்லுக்குள் போய் அதன் மரபுப் பொருளோடு ஒட்டிக்கொள்ளும். செல் சாகும். செத்த செல் உடையும்போது மருந்து மறுபடி வெளியே வந்து பக்கத்துச் செல்லுக்குள் நுழையும். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் இன்று ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இருக்கிற கருப்பு அடுத்த மாதம் உள்ளங்கை அளவு ஆகிறது. தோல் போய், கொழுப்பு போய், தசையை எலும்போடு கட்டும் தசைநாண் வெளியே தெரிகிற வரைக்கும் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மாற்று மருந்து உண்டு: டெக்ஸ்ராசாக்சேன். கசிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் டோஸ் ஆரம்பிக்க வேண்டும்; மூன்று நாள் தொடர்ந்து, வேறொரு சிரை வழியாக. அது எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. அதனால்தான் சிவப்பு மருந்து போடும் அன்று "கொஞ்சம் கசிந்தது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே கேன்சர் டாக்டர் பார்க்க வேண்டும்.

அந்த நேரம் தாண்டிவிட்டவர்கள் என்ன செய்வது? குறைந்தது ஆறு வாரமாவது கவனிக்க வேண்டும். வாரம் ஒரு முறை அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தோல் கறுத்தால், கொப்புளம் வந்தால், இரவில் தூங்கவிடாத வலி இருந்தால் பிளாஸ்டிக் சர்ஜன் பார்க்க வேண்டும். செத்த சதையை வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். "தானா ஆறட்டும்" என்று களிம்பு போட்டுக்கொண்டே மூன்று மாதம் காத்திருந்தவர்களுக்கு அறுவை பெரிதாகிப் போகிறது. நடுவில் அடுத்த கீமோவும் தள்ளிப்போகும். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

வின்கிரிஸ்டின் வகை இப்படிச் சங்கிலியாகப் பரவாது. வலி கடுமையாக இருந்தாலும் பெரும்பாலும் ஆறிவிடும்.

கசிந்தது தெரிந்த அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? ஐஸா, ஒத்தடமா?

முதலில் ட்ரிப்ஸை நிறுத்த வேண்டும். ஊசியை உடனே பிடுங்கக் கூடாது; அதே குழாய் வழியாக உள்ளே தேங்கிய மருந்தை சிரிஞ்சால் இழுக்கப் பார்ப்பார்கள். "அடைப்பா பார்க்கிறேன்" என்று சலைனைத் தள்ளவும் கூடாது, அது கசிந்ததை இன்னும் பரப்பும். பிறகு குழாயை எடுத்துவிட்டுக் கையை உயர்த்தி வைப்பார்கள். அமுக்கித் தேய்க்கக் கூடாது.

ஐஸா வெந்நீரா என்பதில்தான் தவறு நடக்கிறது. டாக்சோரூபிசின் வகைக்கு ஐஸ்: துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஓரிரு நாள். வின்கிரிஸ்டின் வகைக்கு நேர் எதிர், வெதுவெதுப்பான ஒத்தடம். நார்அட்ரினலினுக்கும் ஐஸ் வைக்கக் கூடாது, ஏற்கெனவே இறுகிய குழாய் இன்னும் இறுகும். மருந்தின் பெயர் தெரியாமல் எதையும் வைக்காதீர்கள்.

மஞ்சள், சுண்ணாம்பு, டூத் பேஸ்ட்?

வேண்டாம். புண் எவ்வளவு பெரிதாகிறது என்பதே தெரியாமல் மூடிவிடும்.

சாதாரண வீக்கத்துக்கு எங்கள் நர்ஸ்கள் மேக்சல்ஃப் (மெக்னீசியம் சல்ஃபேட் என்கிற உப்பு) கிளிசரின் துணி போடுவார்கள். உப்பும் கிளிசரினும் நீரை இழுக்கும். தோல் உடையாத இடத்துக்குத்தான் அது. த்ராம்போஃபோப் களிம்பும் அப்படியே.

முழங்கை வரை கயிறு மாதிரி தடித்து, கறுப்புக் கோடாக நிற்கிறது. மூன்று மாதம் ஆகிவிட்டது.

சிரை உள்ளுக்குள் புண்பட்டு, ரத்தம் உறைந்து, தழும்பாகிவிட்டது. அநேகமாக அபாயம் இல்லை. மெதுவாக மென்மையாகும்; கறுப்பு இன்னும் தாமதமாகப் போகும். அந்தச் சிரையை மறுபடி ஊசிக்குப் பயன்படுத்த முடியாது, அதுதான் உண்மையான இழப்பு. கோட்டின் வழியே சூடு ஏறி, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மட்டும் அது கிருமி. அன்றே போக வேண்டும், ஏனென்றால் அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வு வரைக்கும் போகக்கூடியது. முழுக் கையும் தோள்வரை வீங்கினாலும் அப்படித்தான்; ஆழத்திலுள்ள பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

புண் ஆறிவிட்டது. ஆனால் விரல் மடங்கவில்லை. பீடி சுற்ற முடியவில்லை.

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றுபவர்கள், லுங்கித் தறியில் இழை முடிபவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் தைப்பவர்கள், இவர்கள் எல்லோருக்கும் சம்பளம் விரல் நுனியில். புறங்கையில் தோல் மெல்லிசு. அடியில் கொழுப்பு குறைவு, நேரடியாகத் தசைநாண்கள். அங்கே கசிந்து ஆறிய தழும்பு தசைநாணோடு ஒட்டிக்கொண்டால் விரல் இழுபடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் "காயம் ஆறியது" என்று எழுதியிருக்கும். அதை எழுதியவர் அந்த அம்மாவிடம் ஓர் இலையைக் கொடுத்துச் சுற்றிக் காட்டச் சொல்லியிருக்க மாட்டார்.

என்ன செய்யலாம்? கை வலிக்கிறதே என்று மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. வலி பொறுக்கும் அளவுக்கு, புண் இருக்கும்போதே, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் விதத்தில் அசைக்க ஆரம்பிக்க வேண்டும். இரவில் ஸ்பிளின்ட், அதாவது கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை கட்டுவார்கள்: மணிக்கட்டு சற்று மேலே தூக்கி, விரல்களின் அடிக்கணு மடங்கி, விரல்கள் நேராக. மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் சுருங்காமல் இருக்க அதுதான் பத்திரமான நிலை. தோல் முழுவதும் மூடிய பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பை வட்டமாக அமுக்கித் தேய்க்கலாம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஐந்து நிமிடம். சிலிக்கான் ஷீட் வாங்க முடிந்தால் அதுவும் உதவும். தழும்பு முதிர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். அதற்குள் அது மாறிக்கொண்டேதான் இருக்கும். இதற்கப்புறமும் விரல் வராவிட்டால் கை அறுவை நிபுணர்.

அந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.யில்தான் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்து, அவற்றை மறுபடி வேலை செய்ய வைத்தார். அறுவையோடு விடாமல் பிசியோதெரபியும் பிழைப்புக்கான பயிற்சியும் சேர்ந்தால்தான் கை திரும்பும் என்பது அந்தக் காலத்திலேயே இந்த ஊரில் கற்ற பாடம். பணவசதி இல்லாதவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் புறநோயாளர் பிரிவில் முதலில் காட்டுங்கள். காட்டும்போது "என் கை மடங்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், உங்கள் தொழில் என்ன, எந்த அசைவு வரவில்லை என்று செய்து காட்டுங்கள்.

காயம் சின்னது. ஆனால் எரிச்சல் மாதக்கணக்கில் போகவில்லை. துணி பட்டாலே துடிக்கிறேன். வீட்டில் நடிப்பு என்கிறார்கள்.

நடிப்பு இல்லை. இரண்டு காரணம் இருக்கலாம். வீக்கத்தாலோ மருந்தாலோ உண்மையான நரம்பு அடிபட்டிருக்கலாம். மணிக்கட்டின் பெருவிரல் பக்கம் ஊசி போட்டவர்களுக்கு அங்கே ஓடும் ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. இல்லையென்றால் அடிபட்ட இடத்தைவிட வலி பெரிதாகிப் பரவும் ஒரு நோய் நிலை உண்டு. கை வியர்க்கும், நிறம் மாறும், சில நேரம் சுடும் சில நேரம் குளிரும், நகமும் முடியும் வேறு மாதிரி வளரும், கடைசியில் இறுகிப்போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிசியோவும் நரம்பு வலி மாத்திரையும் நன்றாக வேலை செய்யும். வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்காரர்களிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

சர்க்கரை நோயாளிக்குக் கசிந்தால் அவருக்கே தெரியாதாமே?

ஆமாம். பழைய சர்க்கரையில் உணர்ச்சி குறைந்திருக்கும். தொழுநோயால் கை மரத்துப்போனவர்களும் அப்படித்தான். கரிகிரித் தொழுநோய் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மயக்கத்தில் இருப்பவர், பக்கவாதம் வந்த கை, பேசாத குழந்தை, எல்லாம் ஒரே கணக்கு. இவர்களுக்கு "வலித்தால் சொல்லுங்க" என்பது பாதுகாப்பு ஆகாது. பக்கத்தில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு தடவை போர்வையை விலக்கிக் கையைப் பார்க்க வேண்டும்.

பச்சைக் குழந்தைக்குத் தலையில் ஊசி போட்டிருந்தார்கள். கசிந்து புண்ணாகி ஆறிய இடத்தில் முடி முளைக்கவில்லை.

முடிக்கால் வரை செத்திருந்தால் முளைக்காது. சின்ன இடம் என்றால் சுற்றியுள்ள முடியே மறைத்துவிடும். பெரிது என்றால் குழந்தை வளர்ந்த பிறகு அந்தத் தோலை எடுத்து மூடும் அறுவை உண்டு. அவசரம் இல்லை. கால் பாதத்திலோ கணுக்காலிலோ ஆறிய தழும்புதான் எனக்குக் கவலை. குழந்தை வளரும், தழும்பு அதே வேகத்தில் வளராது, பாதம் இழுபடும். நடக்க ஆரம்பிக்கும்போது ஒரு முறை, பள்ளியில் சேரும்போது ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கால்சியம் போட்ட குழந்தைக்கு இரண்டு வாரம் கழித்து அந்த இடத்தில் சுண்ணாம்பு போலக் கட்டி தட்டுப்படலாம். சீழ் என்று நினைத்துக் கிழித்துவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் தெரியும், பல குழந்தைகளுக்குச் சில மாதத்தில் தானாகக் கரையும்.

எனக்குப் போர்ட் வைத்திருக்கிறார்கள் / பிக் லைன் இருக்கிறது. அதில் கசியாது அல்லவா?

போர்ட் என்பது நெஞ்சுத் தோலுக்கடியில் புதைத்து, சிரைக்குள் குழாய் விட்ட சின்ன டப்பி; பிக் லைன் என்பது மேல்கைச் சிரை வழியாக இதயத்துக்கு அருகே வரை விடும் நீளக் குழாய். குறைவு, ஆனால் கசியும். போர்ட்டில் மூன்று வழி. ஊசி சரியாக உள்ளே இறங்காமல் தோலுக்கடியில் நிற்பது ஒன்று. குழாயின் நுனியில் நார் போன்ற உறை படிந்து, மருந்து குழாயின் வெளிப்பக்கமாகவே பின்னோக்கி ஏறிவருவது இன்னொன்று. மூன்றாவது, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் குழாய் மாட்டி, கையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் நசுங்கி, மாதங்கள் கழித்து விரிசல் விடுவது. விரிசல் முற்றினால் துண்டு இதயத்துக்குள் போய்விடலாம். தொடைச் சிரை வழியாகக் கம்பி விட்டு எடுப்பார்கள். ஆகவே, மருந்து ஏறும்போது காரை எலும்பு அருகே வலி, வீக்கம், கையைத் தூக்கினால் மட்டும் ஓடுகிறது, ரத்தம் திரும்ப வரவில்லை, இதில் எது இருந்தாலும் மருந்தை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். நெஞ்சுக்குள் கசிந்தது வெளியே தெரிய நாளாகும்.

பிக் லைனில் வெளியே தொங்கும் குழாயில் விரிசல் தெரிந்தால், விரிசலுக்கும் உடம்புக்கும் நடுவில் கிளாம்பை (குழாயை நசுக்கி அடைக்கும் கிளிப்பை) மூடுங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் குழாயை மடித்துக் கட்டுங்கள். செலோடேப் ஒட்டி ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கசிவைவிட, அந்த வழியே காற்று உள்ளே போவதுதான் ஆபத்து. திடீரென்று மூச்சு முட்டினால் இடது பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். அந்த லைனை சலைன் விட்டுக் கழுவும்போது 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைந்தது வேண்டாம். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாயே பிளந்துவிடும். சலைன் விட்ட அரை மணிக்குள் குளிர் நடுக்கம் வந்தால் லைனில் கிருமி.

லாட்ஜில் இருக்கிறோம். வெயிலில் பிளாஸ்திரி நிற்கவே மாட்டேன் என்கிறது.

வேலூர் வெயிலுக்கு எந்தப் பிளாஸ்திரியும் தோற்கும். கத்திரி சமயத்தில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது வியர்வை உள்ளே தேங்கி ஓரம் தூக்கிக்கொள்ளும், குழாய் ஆடும், கசிவும் கிருமியும் அங்கேதான் தொடங்கும். டிரஸ்ஸிங்கை ஏழு நாளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருந்தாலும், நனைந்தால் அல்லது தூக்கினால் அன்றே மாற்ற வேண்டும். பவுடர் தூவாதீர்கள். குளிக்கும்போது பாலிதீன் கவர் கட்டி, அந்தக் கையை வாளிக்கு எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டு மற்றக் கையால் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். குழாய் வெளியே எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது என்று முதல் நாளே எழுதி வையுங்கள். காட்பாடியில் ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தால் பெட்டியை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அடுத்த ஊசியை எந்தக் கையில் போடுவது?

கசிந்த கையில் வேண்டாம். முடியவே முடியாதென்றால் கசிந்த இடத்துக்கு மேலே, உடம்புக்கு நெருக்கமான பக்கம் போட வேண்டும், கீழே அல்ல. அரிக்கும் மருந்துக்கு முன்கைதான் நல்லது; புறங்கை, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு கூடாது. மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டி எடுத்தவர்கள் அந்தப் பக்கத்துக் கையைக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் பிக் லைன் வைக்கச் சம்மதிக்கும் முன் நெஃப்ராலஜி டாக்டரைக் கேளுங்கள். நாளைக்கு டயாலிசிஸுக்கு அந்தச் சிரைகள் வேண்டும்.

விசித்திரமான ஒன்று: டாக்சோரூபிசின் கசிந்து ஆறிய இடம், அடுத்த முறை வேறு கையில் அதே மருந்து போட்டாலும் மறுபடி வீங்கி எரிவதுண்டு. புதிதாகக் கசியவில்லை, பழைய இடம் நினைவு வைத்திருக்கிறது. டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இது நர்ஸின் தப்புதானே? புகார் கொடுக்கலாமா?

கசிவு என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது. எத்தனை கவனமாகப் போட்டாலும் சில சிரைகள் தாங்காது. ஆனால் நோயாளி எரிகிறது என்று சொன்ன பிறகும் மருந்தை ஓட விட்டால், அது தப்பு. நான் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓர் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி. வலிப்பு வந்த ஒரு பையனுக்குப் புறங்கையில் ஃபெனிடாயின் ஓடுகிறது. "எரியுதுக்கா" என்றான். "அந்த மருந்து அப்படித்தான்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். விடியும்போது கை ஊதாவாக இருந்தது. தோல் உரிந்து, ஆறு வாரத்தில் ஆறியது. அவன் என்னைக் குறை சொல்லவே இல்லை. அதற்கப்புறம் என் டூட்டியில் யார் எரிகிறது என்றாலும் முதலில் கிளாம்பை மூடுவேன், அப்புறம்தான் பேச்சு.

பணம் கட்டிப் பெற்ற சிகிச்சை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களுக்கு இந்த வழி பொருந்தாது. எந்த வழியில் போனாலும் தேதி போட்ட படங்களும் மருந்து சார்ட்டும் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

எப்போது நள்ளிரவானாலும் ஓட வேண்டும்?

கை கல்லாக இறுகி, யாராவது விரலை நீட்டிவிட்டாலே அலறும் வலி, விரல் மரத்துப்போவது: உள்ளே அழுத்தம் ஏறித் தசை சாகத் தொடங்குகிறது. சில மணி நேரம்தான் அவகாசம், தோலைக் கிழித்து அழுத்தத்தை இறக்க வேண்டும். தோல் வெளுத்தோ கறுத்தோ பரவுவது. நடுக்கத்தோடு காய்ச்சல். கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தாலே போதும், வேறு அறிகுறி தேட வேண்டாம்.

கசிந்த கையில் வளையல் போடலாமா?

வீக்கம் இருக்கும் வரை வேண்டாம். மோதிரத்தை முதலில் கழற்றுங்கள். அது மாட்டிக்கொண்டு வெட்டி எடுத்த கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. புதுத் தழும்பு வெயிலில் இன்னும் கறுக்கும், அதனால் ஒரு வருடம் வெளியே போகும்போது முழுக்கைச் சட்டையோ துப்பட்டாவோ போட்டு மூடிக்கொள்ளுங்கள். வீக்கம் வற்றி, தோல் மூடியதும் கண்ணாடி வளையலை ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் போடுங்கள்.